காந்தச் சுருளும் கவுன்சலிங் நாற்காலியும்

வாசகர் கேள்வி-பதில்

தென்னாப்பிரிக்கத் தமிழ் வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: "தலையில் காந்தம் வைத்துக் குடியை நிறுத்துகிறார்களாமே, உண்மையா?" ஒரு மனநல மருத்துவரும் ஒரு மருத்துவ உளவியலாளரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டோம்.

என் வீட்டுக்காரருக்கு 46 வயது. தினமும் ஒரு ஹாஃப்-ஜாக் (அரை பாட்டில்) கேன், அதாவது கரும்புச் சாராயம். சனி, ஞாயிறு என்றால் கணக்கே இல்லை. ரீஹாபில் 3 வாரம் இருந்து வந்தார், 2 மாதம் தொடவில்லை, பிறகு பழையபடி. இப்போது என் நாத்தனார், 'மூளைக்குக் காந்தம் வைத்தால் அண்ணனுக்குச் சரியாகிவிடும்' என்கிறாள். பணம் கட்டலாமா?
*ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்*

முதலில் அந்த ஹாஃப்-ஜாக்கை எடை போட்டுவிடலாம். 375 மில்லி. நம் ஊர் கேன் 43 சதவீதம். உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹால் 161 மில்லி, எடையில் சுமார் 127 கிராம். உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஒரு டிரிங்க் என்று வைக்கிறது. ஆக, உங்கள் வீட்டுக்காரர் சாதாரண நாளிலேயே 12, 13 டிரிங்க் குடிக்கிறார். இந்த அளவில் குடிப்பவருக்கு எந்தச் சிகிச்சை என்பதைவிட, எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. அதை அடுத்த கடிதத்துக்கான பதிலில் சொல்கிறோம்.

உங்கள் நாத்தனார் சொல்வது டி.எம்.எஸ். என்ற காந்தத் தூண்டல். செம்புக் கம்பிச் சுருள் ஒன்றைத் தலைக்கு வெளியே வைத்து, அதில் மின்சாரத்தைக் கணநேரத்துக்குப் பாய்ச்சுவார்கள். அதனால் எழும் காந்தப்புலம் மண்டை ஓட்டைத் தாண்டி உள்ளே போய், மூளையின் மேற்பரப்பில் உள்ள நரம்பணுக்களைத் துடிக்க வைக்கும். பல வருடம் குடித்தவர்களுக்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, 'பொறு, யோசி' என்று சொல்கிற பகுதி, மந்தமாகிவிடும். பாட்டிலைக் கண்டால் துள்ளுகிற பகுதி மட்டும் கூர்மை குறையாமல் இருக்கும். முன்னதை உசுப்பலாம், அல்லது பின்னதோடு சேர்ந்த சுற்றுகளை மட்டுப்படுத்தலாம் என்பதுதான் எண்ணம்.

பலன் உண்டா? மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த முறையை 2008-இல் மனச்சோர்வுக்கும், 2018-இல் ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோய்க்கும், 2020-இல் புகைப்பழக்கத்துக்கும் அனுமதித்தது. மதுவுக்கு அனுமதி இல்லை. நம்பிக்கை தரும் ஆய்வு ஒன்று 2022-இல் இஸ்ரேலிலிருந்து வந்தது. 51 பேர். மூளையின் நடுமுன் பகுதியை எட்டும் ஹெல்மெட் வகைச் சுருள். 3 வாரத்தில் 15 அமர்வு, அதன்பின் 3 மாதத்தில் 5 அமர்வு. பின்தொடர்ந்த காலத்தில் அதிகமாகக் குடித்த நாட்கள் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களிடம் 2.9 சதவீதம், போலிச் சிகிச்சை (தூண்டல் இல்லாமல் மிஷினில் உட்கார வைப்பது மட்டும்) பெற்றவர்களிடம் 10.6 சதவீதம். 12 வாரத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை நாளுக்கும் 9 நாளுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 51 பேர்தான். போலி மிஷினில் உட்கார்ந்தவர்களும் பெரும்பாலான நாட்கள் நன்றாகவே இருந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

ஆகவே மிஷினுக்கு மட்டும் என்றால் பணம் கட்டாதீர்கள். பேச்சுச் சிகிச்சையும் கூடவே நடக்கிறது, குடி நின்றபின் மாதக்கணக்கில் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யோசிக்கலாம். '15 நாளில் குடி ஓடிவிடும், வேறு எதுவும் வேண்டாம்' என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. ரீஹாபிலிருந்து வந்தபின் அவர் மாத்திரை ஏதாவது எடுத்தாரா? நால்ட்ரெக்ஸோன் தினம் 50 மில்லிகிராம், அல்லது அகாம்ப்ரோசேட் 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக 3 வேளை. இரண்டுக்கும் காந்தத்தைவிடப் பழைய, பெரிய ஆதாரம் இருக்கிறது. கோடீன் உள்ள இருமல் மருந்தோ டிராமடாலோ எடுப்பவருக்கு நால்ட்ரெக்ஸோன் கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அகாம்ப்ரோசேட் ஒத்துவராது. இந்த மாத்திரைகளை எழுதித் தராமலே மிஷினுக்கு அனுப்பும் வழக்கம் எங்களுக்குப் புரியாத ஒன்று.

அண்ணன் வருஷா வருஷம் புரட்டாசியில் தொடமாட்டான். இந்த முறை விரதம் தொடங்குகிற அன்றைக்கே டி.எம்.எஸ்.-ஐயும் ஆரம்பித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. நல்ல நாள்தானே?
*ஒரு தம்பி, ஃபீனிக்ஸ்*

நல்ல மாதம், தம்பி. நாள் தப்பு.

வாரக்கடைசியில் மட்டும் குடிப்பவர் விரதத்துக்காக நிறுத்துவது வேறு. தினமும் குடித்து, காலையில் கை நடுங்கி, ஒரு டாட் (ஒரு மடக்குச் சாராயம்) உள்ளே போனால்தான் டீக் கோப்பையைப் பிடிக்க முடிகிறது என்ற நிலையில் இருப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது வேறு. இரண்டாமவருக்குக் கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48-லிருந்து 96 மணி நேரத்துக்குள் புத்தி தடுமாறலாம்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், வேர்த்துக் கொட்டும், காய்ச்சல் ஏறும். சிலர் வீட்டில் இதைச் சாமி வந்ததாகவோ, விரதத்தில் தீட்டுப் பட்டதாகவோ எடுத்துக்கொண்டு கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். அது உயிரைக் குடிக்கும் நிலை. ஆம்புலன்ஸுக்கு 10177-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கைபேசியிலிருந்து 112.

காந்தத் தூண்டலின் பெரிய ஆபத்தும் வலிப்புதான். சாதாரணமாக அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் குடியை நிறுத்திய முதல் நாட்களில் மூளை ஏற்கெனவே வலிப்பின் விளிம்பில் நிற்கிறது. அந்த நேரத்தில் சுருளை வைப்பது காய்ந்த கரும்புத் தோட்டத்தில் தீக்குச்சி கிழிப்பது போல.

அண்ணனுக்கு இப்படிச் செய்யுங்கள். புரட்டாசிக்கு முந்தைய வாரமே மருத்துவரைப் பாருங்கள். தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். டையஸெபாம் போன்ற மருந்தைக் கொடுத்து 5, 7 நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். முன்பு வலிப்பு வந்தவர் என்றால் படுக்கையில் வைத்துத்தான் செய்ய வேண்டும். தயமின் என்ற பி1 விட்டமினை ஊசியாகப் போடுவார்கள். குளுக்கோஸ் டிரிப் ஏற்றும் முன்பே அது போயிருக்க வேண்டும். தயமின் காலியான மூளைக்குச் சர்க்கரை மட்டும் போனால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகும் அபாயம் உண்டு. விரதம் என்று வெறும் வயிற்றோடு கிடப்பவருக்கு இது இன்னும் முக்கியம்.

கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 7-லிருந்து 10 நாள் ஆகி, டையஸெபாமும் முழுதாக நின்று, தூக்கம் ஓரளவு திரும்பியபின் முதல் அமர்வை வைப்பதே சரி. டையஸெபாம் உள்ளே இருக்கும்போது தூண்டலின் பலனும் மங்கும், அதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு அபாயமும் ஏறும்.

இந்தக் கணக்கில் போனால் 15 அமர்வும் புரட்டாசி முடிவை ஒட்டித்தான் வந்து நிற்கும். அது நல்லதே. விரதத்தில் இருக்கும் 30 நாளும் அண்ணனைத் தாங்குவது விரதம். அவன் விழுவது விரதம் முடிந்த முதல் சனிக்கிழமை, பிராய் என்ற திறந்தவெளி இறைச்சி அடுப்பில் ஆட்டிறைச்சி ஏறும் அந்தச் சாயங்காலத்தில். சிகிச்சையின் கடைசி வாரமும் அதற்கான பேச்சும் அந்தச் சனிக்கிழமையைத் தாண்டிப் போகும்படி தேதி வாங்குங்கள். அடுத்து தீபாவளி வேறு வருகிறது.

மிஷினில் உட்கார வைத்து என்னதான் செய்வார்கள்? பேச்சு எப்போது நடக்கும்? அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது.
*ஒரு மகள், டொங்காட்*

முதல் நாள்தான் நீளம், ஒன்றரை மணி நேரம் ஆகலாம். தலைக்கு ஒரு துணித்தொப்பி போட்டு, இரு கண்ணுக்கும் நடுவே மூக்கு தொடங்கும் இடத்திலிருந்து பிடரி மேடு வரை, ஒரு காதிலிருந்து மறுகாது வரை டேப்பால் அளந்து புள்ளி வைப்பார்கள். முந்தின இரவு தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தால் தொப்பி வழுக்கும், புள்ளி இடம் மாறும். ஷாம்பூ போட்டுக் குளித்து வரச் சொல்லுங்கள். கடுக்கன், கண்ணாடி, காது கேட்கும் கருவி எல்லாம் வெளியே. பர்ஸையும் சுருள் பக்கம் வைக்கக் கூடாது, வங்கி அட்டையின் காந்தக்கோடு அழிந்துவிடும்.

அடுத்து அளவு பார்ப்பார்கள். கையை அசைக்கும் மூளைப்பகுதியின் மேல் சுருளை வைத்து ஒற்றைத் துடிப்பாகத் தட்டுவார்கள். எதிர்ப்பக்கக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். அப்பா பயப்படப் போவது இந்த இடத்தில்தான், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 10 தட்டில் 5 முறை விரல் துள்ளும் மிகக் குறைந்த வலுதான் அவருடைய அளவு. மிஷின் திறனில் 48 சதவீதத்தில் துள்ளினால், சிகிச்சைக்கு அதன் 120 சதவீதம், அதாவது சுமார் 58-இல் வைப்பார்கள். நடுமுன் பகுதிக்குப் போகும் ஹெல்மெட் சுருள் என்றால் கைவிரலுக்குப் பதில் காலைப் பார்ப்பார்கள். இந்த அளவு ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, நாளுக்கு நாளும் மாறும். முந்தின இரவு தூங்காவிட்டால், மாத்திரை மாறினால், மறுபடி அளக்க வேண்டும். வாரம் ஒரு முறையாவது அளக்காத இடத்தைப் பற்றி எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

பிறகு சிகிச்சை. காதில் பஞ்சடைப்பான். சுருள் நெற்றியின் பக்கவாட்டில். வழக்கமான 10 ஹெர்ட்ஸ் முறையில் 4 விநாடி தட்டும், அதில் 40 துடிப்பு. பிறகு 26 விநாடி இடைவெளி. 75 சுற்று முடிந்தால் 3000 துடிப்பு, முப்பத்தேழரை நிமிடம். இடைவெளியை 11 விநாடியாகக் குறைத்தால் 19 நிமிடத்தில் முடியும். 'தீட்டா பர்ஸ்ட்' என்ற வேக முறையில் 600 துடிப்பு 3 நிமிடம்தான். மரங்கொத்தி தலையில் உட்கார்ந்து கொத்துவது போல இருக்கும். முதல் 3, 4 நாள் தலைவலி வரலாம், பாரசிட்டமால் போதும். கண்ணிமையோ தாடையோ துடித்தால் சொல்ல வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் அடங்கிவிடும்.

பேச்சு இதைச் சுற்றித்தான் கட்டப்படுகிறது. நாங்கள் சரி என்று நினைக்கும் முறை இது. தட்டல் தொடங்குவதற்கு முன் 5 நிமிடம், குடியை நினைவுபடுத்துவார்கள். புகைப்பழக்கத்துக்கான பெரிய ஆய்வில் 262 பேருக்கு இப்படித்தான் முதலில் ஆசையைக் கிளப்பிவிட்டு மிஷினைப் போட்டார்கள், முடிந்ததும் ஊக்கப்பேச்சு. போலிச் சிகிச்சையில் 8.7 சதவீதம் பேர் விட்டார்கள், உண்மைச் சிகிச்சையில் 19.4. தூங்கிக் கிடக்கும் சுற்றைத் தட்டுவதைவிட விழித்திருக்கும் சுற்றைத் தட்டினால் மாறும் என்பது அதன் அடிப்படை. மதுவுக்கு இதைச் செய்யும்போது 'குடி பற்றி யோசியுங்கள்' என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் கிளம்பாது. "வெள்ளிக்கிழமை, நாலரை மணி, சம்பளம் வந்தாயிற்று. கார் ரவுண்டபவுட்டில் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். கை தானாகப் பாட்டில் ஸ்டோர் பக்கம் ஸ்டியரிங்கை ஒடிக்கிறது. மூடியைத் திருகும்போது அந்த 'கிரக்' சத்தம்..." இவ்வளவு நெருக்கமாகப் போனால்தான் வாயில் எச்சில் ஊறும். பத்துக்கு எவ்வளவு ஆசை என்று கேட்டு 6, 7 வந்தால் தட்டலைத் தொடங்குவார்கள்.

தட்டல் முடிந்து, சுருளை எடுத்த 10 நிமிடத்துக்குள் உளவியலாளரோடு 40, 50 நிமிடம். தூண்டலுக்குப் பிந்திய அரை மணி, ஒரு மணி நேரம் மூளை புதிய பழக்கத்துக்குக் கொஞ்சம் இளகி இருக்கிறது என்று கருதுகிறோம். அந்த நேரத்தில் உட்கார்ந்து பழைய துக்கத்தைக் கிளறக் கூடாது. அதே வெள்ளிக்கிழமையை எடுத்து, ரவுண்டபவுட்டில் என்ன செய்வது என்று ஒத்திகை பார்க்க வேண்டும். வேறு சாலை எது? யாருக்குப் போன்? வீட்டுக்கு வந்ததும் கையில் என்ன குவளை? ஆசை அலை போலத்தான் வரும். குடிக்காமல் இருந்தால் பெரும்பாலும் 20, 30 நிமிடத்தில் தானாகத் தணியும். அந்த நிமிடங்களை எதைக்கொண்டு நிரப்புவது என்பதே பேச்சின் சாரம்.

நான் ஒரு கவுன்சலர். மிஷின் மையம் ஒன்று நோயாளிகளை எங்களுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறது. சேர்ந்து வேலை செய்வதில் எது கெட்டுப்போகும்?
*ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

அதிகம் கெடுவது நேரம். காலை 8 மணிக்கு மிஷின், மாலை 5 மணிக்கு உங்களிடம் பேச்சு என்றால் அது சேர்க்கை இல்லை, இரண்டு தனித்தனிச் சிகிச்சை. ஒரே கட்டிடம் இல்லாவிட்டாலும் ஒரே மணி நேரத்துக்குள் வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் வாரத்தில் 5 நாளும் பேச்சு வேண்டாம், 2 நாள் போதும். ஆனால் அந்த 2 நாளாவது மிஷினை ஒட்டி வரட்டும்.

அடுத்தது, கிளப்பிய ஆசையை இறக்காமல் அனுப்புவது. ஆசையை 7 வரை ஏற்றிவிட்டு, மிஷின் முடிந்ததும் 'நாளைக்கு வாங்க' என்றால் அந்த ஆள் வழியில் முதல் கடையில் நிற்பார். கிளம்பும் முன் மறுபடி பத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். 3-க்குக் கீழே வராதவரைத் தனியாக வண்டி ஓட்டி அனுப்பாதீர்கள்.

மாத்திரை விஷயம் உங்கள் காதில்தான் முதலில் விழும். 'தூக்கம் வரவில்லை, மச்சான் ஒரு மாத்திரை கொடுத்தான்', 'டாக்டர் சோர்வுக்கு புப்ரோபியான் எழுதினார்' என்பார். டெக்னீஷியனுக்கு இது போய்ச் சேர வேண்டும், அன்றைக்கே. புப்ரோபியான், டிராமடால், க்ளோஸபின் எல்லாம் வலிப்பு வாசலைத் தாழ்த்துபவை, அதாவது வலிப்பு எளிதில் வரச் செய்பவை. நோயாளி கையில் ஒரு அட்டை இருக்கட்டும்: நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார், எதைக் குடித்தார், எந்த மாத்திரை, ஆசை எத்தனை. இரண்டு இடத்திலும் அதை நீட்டினால் பாதித் தப்பு நடக்காது.

இரண்டாம் வாரத்தில் ஒரு பேச்சு கிளம்பும்: "இப்ப ஆசையே இல்ல சார், மிஷின் பாத்துக்குது." வீட்டுப்பாடம் நின்றுபோகும். ஆசை குறைந்திருக்கும் அந்த வாரமே பயிற்சிக்கு நல்ல வாரம், தண்ணீர் வற்றியிருக்கும்போது மதகைச் செப்பனிடுவது போல. நாலாவது வாரம், மிஷின் முடிந்ததும், தினம் போய் வந்த இடம் இல்லாமல் ஒரு வெறுமை வரும். அந்த வாரத்துக்கு 3 பேச்சு அமர்வை இப்போதே நாட்குறிப்பில் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வாரம் ஒன்றாக 12 வாரம். சான்கா (மது, போதைச் சார்புக்கு உதவும் தேசிய அமைப்பு) அல்லது ஏ.ஏ. (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) நடத்தும் முதல் கூட்டத்துக்கும் மிஷின் நடக்கும் காலத்திலேயே ஒரு முறை கூட்டிப் போங்கள், முடிந்தபின் என்று தள்ளாதீர்கள்.

அமர்வு எந்த மொழியில் என்று கவலைப்படுபவர்கள் உண்டு. நோயாளிக்கு ஆங்கிலம் சரளமென்றால் ஆங்கிலமே போதும். ஆனால் ஆசையைக் கிளப்பும் அந்த 5 நிமிடம் அவர் குடிக்கும் மொழியில் இருக்க வேண்டும். 'ஒரு டாட் போடு மச்சான்' என்பதற்கு ஊறுகிற எச்சில் மொழிபெயர்ப்புக்கு ஊறாது.

ஆன்லைனில் 9 வோல்ட் பேட்டரி போட்ட ஒரு மின்தூண்டல் கருவி கிடைக்கிறது. அதை வாங்கி வீட்டிலேயே செய்துகொண்டு, ஃபோனில் ஒரு ஆப் மூலம் கவுன்சலிங் எடுத்தால் ஆகாதா?
*ஒரு இளைஞர், மெரிபேங்க்*

ஆகாது. அது டி.டி.சி.எஸ்., காந்தம் இல்லை. 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை இரண்டு ஈரப் பஞ்சு வழியாக 13, 20 அல்லது 30 நிமிடம் செலுத்துவது. ஆய்வுகளில் பஞ்சு 35 சதுர சென்டிமீட்டர், உப்பு நீரில் நனைத்தது. வீட்டில் நடப்பது: பஞ்சு பாதியில் காயும், மின்சாரம் முழுக்க ஒரு மூலையில் குவியும், நெற்றியில் காசு அளவுக்குத் தீப்புண். அல்லது நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றி வைப்பது.

பலன் பற்றிக் கேட்டால், 2014-இல் பிரேசிலில் 33 பேரிடம் 5 நாள் செய்த ஆய்வில், 6 மாதத்தில் மறுபடி குடித்தவர்கள் உண்மைச் சிகிச்சையில் 50 சதவீதம், போலியில் 88 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. 2019-இல் அமெரிக்காவில் 84 பேருக்கு 8 வார மனக்கவனப் பயிற்சிக் குழுவோடு இதைச் சேர்த்தார்கள். இரு தரப்பும் குடியைக் குறைத்தது. மின்சாரம் ஓடியவர்களுக்கும் ஓடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. குறைத்தது பயிற்சி. நீங்கள் கருவிக்கு வைத்த காசை அந்த மாதிரிக் குழுவில் போடுங்கள்.

இது ஷாக் ட்ரீட்மென்ட்தானே? மறதி வராதா?
*ஓர் ஆயா, வெருலம்*

இல்லை, ஆயா. ஷாக்கில் மயக்க மருந்து கொடுத்து வேண்டுமென்றே வலிப்பை வரவைப்பார்கள். இதில் ஆள் விழித்திருப்பார், பேசுவார், முடிந்ததும் எழுந்து போவார். மறதி வருவதில்லை. தலைக்குள் இரும்புக் கிளிப், காதுக்குள் பதித்த காக்ளியர் கருவி, மூளைக்குள் வைத்த மின்கம்பி இருப்பவருக்கு மட்டும் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் உட்காரக் கூடாது.

மெடிக்கல் எய்ட் கொடுக்குமா? 15 நாள் வேலைக்கு எப்படி லீவு போடுவது? லோட் ஷெடிங் வந்தால்?
*ஒரு வாசகர், இசிப்பிங்கோ*

மதுச்சார்புக்கு மருத்துவமனை சார்ந்த சிகிச்சை வருடத்துக்கு 3 வாரம் வரை குறைந்தபட்சக் கட்டாயப் பலனில் வருகிறது, எல்லா மெடிக்கல் எய்டும், அதாவது மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், தர வேண்டும். டி.எம்.எஸ். அதில் தானாகச் சேராது. எஃப்10.2 என்ற நோய்க் குறியீட்டோடு முன்னனுமதி எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பித் தொடங்காதீர்கள். மனச்சோர்வும் கூட இருந்தால் மருத்துவர் அதைத் தனியாகக் குறிப்பிடட்டும், சில நேரம் அந்த வழியில் கதவு திறக்கும். மருத்துவரும் உளவியலாளரும் மருத்துவத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ.-வில் பதிந்தவர்களா என்று அதன் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

லீவுக்கு, 36 மாதச் சுற்றில் 6 வார வேலைநாள் அளவு சம்பளத்தோடு நோய் விடுப்பு சட்டப்படி உண்டு. பல மையங்கள் காலை 7 மணிக்கே தொடங்குகின்றன, முழு நாள் லீவு தேவைப்படாமலே போகலாம். கரண்ட் போனால் தட்டல் பாதியில் நிற்கும், ஆபத்தில்லை. மீதித் துடிப்பை அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம். ஆனால் எல்லா இன்வெர்ட்டரும் இந்த மிஷினைத் தாங்காது, சேரும் முன் கேட்டுவிடுங்கள். கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இங்கே யாருக்காவது வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?" ஆக்ஸிஜன் எங்கே, யார் ஓடிவருவார்கள் என்று உடனே காட்டுபவர்களிடம் போங்கள்.

மகன் வரமாட்டேன் என்கிறான். கோர்ட் மூலம் இழுத்துப் போய் மிஷினில் உட்கார வைக்கலாமா?
*ஒரு தாய், சாட்ஸ்வர்த்*

போதைப் பழக்கத் தடுப்பு, சிகிச்சைக்கான 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட் உத்தரவு பெற்று மறுவாழ்வு மையத்தில் சேர்க்க வழி இருக்கிறது, சமூகநலப் பணியாளர் மூலம் போங்கள். மிஷினை மட்டும் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. விருப்பமில்லாதவன் ஆசையைக் கிளப்பும் 5 நிமிடத்தில் வாயைத் திறக்கமாட்டான், பிந்திய ஒத்திகையில் உட்காரமாட்டான். மிச்சம் வெறும் சத்தம்தான்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அம்மா. அவன் குடித்திருக்கும் இரவில் பேசாதீர்கள். மறுநாள் காலை, தலை தெளிந்து, கை நடுங்கும் முன், ஒரே ஒரு விஷயத்தை, பார்த்தது பார்த்தபடி சொல்லுங்கள்: "நேத்து ராத்திரி பாத்ரூம்ல விழுந்துட்டே. நான்தான் தூக்கினேன். எனக்குப் பயமா இருந்துச்சு." அதோடு நிறுத்துங்கள். 'உங்கப்பன் மாதிரியே' என்று சேர்த்தால் அவன் பதில் அப்பாவைப் பற்றித்தான் இருக்கும். பாட்டிலை ஒளிக்காதீர்கள், ஊற்றிக் கொட்டாதீர்கள், கடனை அடைக்காதீர்கள். உங்களுக்காக, குடிப்பவரின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போங்கள்.

ஒன்பதாவது அமர்வு முடிந்த அன்று அவர் குடித்துவிட்டார். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
*பெயர் வேண்டாம், டர்பன்*

வேண்டாம். மறைக்கவும் வேண்டாம். அன்றைக்கே இரு இடத்துக்கும் ஃபோன் செய்யுங்கள். குடித்த வாடையோடு நாற்காலியில் உட்கார வைக்கமாட்டார்கள், ஊதும் கருவியில் பூஜ்யம் காட்டினால்தான் சுருள். ஒரே நாள், இரண்டு பியர் என்றால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடரலாம். 4, 5 நாள் தொடர்ந்து குடித்து நிறுத்தியிருந்தால் மறுபடி அந்த 96 மணி நேரக் கணக்கு வந்துவிடும். முதலில் மருத்துவர், பிறகுதான் மிஷின். திரும்பி வரும் நாளில் விரல் துள்ளும் அளவைப் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள், பழைய எண்ணை வைத்துத் தட்டவிடாதீர்கள். அன்றைய பேச்சு முழுக்க அந்த ஒன்பதாவது நாளின் கடைசி மணி நேரம்தான்: எங்கே நின்றார், யார் கூப்பிட்டார்கள், கையில் எவ்வளவு ரேண்ட் இருந்தது.